தொடங்கினால் பாதி

பனையடிக்குப்பத்தில் கடல் சுவருக்கு ஏழு முறை பூமி பூஜை நடந்தது. சுவர் ஒரு முறைகூட எழும்பவில்லை.

ஏழு பூஜைக்குக் காரணம் இருந்தது. ஊரில் ஏழு தெரு. தங்கள் தெருவுக்கு எதிரே வரப்போகும் சுவர்த் துண்டுக்குத் தாங்கள்தான் தேங்காய் உடைக்க வேண்டும், பரிவட்டம் தங்கள் தலையில்தான் ஏற வேண்டும் என்பது ஒவ்வொரு தெருவின் பிடிவாதம். கீழத்தெருவுக்கு முதல் மரியாதை கொடுத்து நடுத்தெருவை விட்டுவிட்டால் மண்டை உடையும். ஒரே பூஜையில் காரியத்தை முடித்துவிடலாம் என்று வந்த திட்ட மேலாளர் பொன்னுரங்கம், ஊர்த் தலைவரான நாட்டார் வைரக்கண்ணு போட்ட போட்டில் அதை ஏழாகப் பிரித்துக் கொடுத்தார். அப்போது அவர் மனதில் எந்தச் சூதும் இல்லை. சூதைக் கற்றுக் கொடுத்தது தராசுதான்.

தராசு என்பது அரசாங்கம் வைத்த இயந்திர மூளை. கடல் கரையேறத் தொடங்கிய காலத்தில் கட்டிய முதல் சுவர்களெல்லாம் பெரும்பாலும் கோப்புகளில்தான் கட்டப்பட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கடல் வந்து காட்டியது. மனிதர்களை நம்பியது போதும் என்று, எந்தச் சுவர் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு செலவானது, எது பிந்துகிறது என்பதையெல்லாம் பறக்கும் கேமராக்களால் தானே பார்த்துத் தானே கணக்குப் போடும் மூளை ஒன்றை நிறுவினார்கள். அதற்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் பெருமை. கற்பூரம் காட்டலாம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

தெரிந்துகொண்டவர்களில் முதல் ஆள் தமயந்தி. அந்தச் சுவருக்குத் திட்டமிடல் பொறியாளர் அவள். முப்பத்தைந்து வயது, கொஞ்சம் முன்கோபம், எண்கள் பொய் சொல்லாது என்று கல்லூரியில் யாரோ சொன்னதை மெய்யாகவே நம்பிவிட்டவள்.

ஏழாவது பூஜை முடிந்த மதியம் வைரக்கண்ணு தளத்து அலுவலகத்துக்கு வந்தார். நெற்றியில் சந்தனம் காயவில்லை. கண்டெய்னர் பெட்டிக்குள் இருந்த அந்த அலுவலகத்தில் தராசின் திரை பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"எஞ்சினியரம்மா, அது என்னா எப்பப் பாத்தாலும் பச்சையாவே கெடக்கு? கல்லு லாரி வந்து ஒரு மாசமாச்சே."

மேசைக்கு அந்தப் பக்கம் பொன்னுரங்கம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "சொல்லும்மா, நாட்டாருக்குப் புரியுற மாதிரி சொல்லு," என்றார்.

தமயந்தி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "ஐயா, நீங்க ஒரு போட்டு கட்டக் கொடுக்கிறீங்க. பொங்கலுக்குள்ள முக்கால்வாசி முடிக்கணும்னு பேச்சு. அது திட்ட மதிப்பு. பொங்கலன்னைக்குப் போய்ப் பார்த்தா பாதிதான் முடிஞ்சிருக்கு. அந்தப் பாதிக்கு என்ன விலையோ, அது ஈட்டிய மதிப்பு. அதுவரைக்கும் நீங்க கொடுத்த காசு, ஆன செலவு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டா, வேலை பிந்துதா, காசு வீணாகுதான்னு ஆசாரி வாயைப் பார்க்காமலே தெரிஞ்சுடும்."

"நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. பாதி முடிஞ்சுதுன்னு யார் சொல்றதுங்கிறதுலதான் தகராறு. ஆசாரி தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சதுன்னு சொல்வாரு, நீங்க முப்பதுன்னு சொல்வீங்க. அந்தச் சண்டையே வேண்டாம்னு ஒரு விதி வச்சாங்க. தொடங்கினால் பாதி, முடித்தால் மீதி. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"தொடங்கிட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அது ஊர் ஊரா பார்த்துப் பழகியிருக்கு. நம்ம ஆளுங்க எந்த வேலையை ஆரம்பிச்சாலும் முதல்ல கற்பூரம், எலுமிச்சம்பழம், கடப்பாறைக்குப் பொட்டு. அப்புறம்தான் மண்ணு வெட்டு. அதனால கற்பூரம் எரிஞ்சா வேலை தொடங்கியாச்சுன்னு அதுவாவே கத்துக்கிச்சு."

வைரக்கண்ணு விரல் விட்டு எண்ணினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நான் சுத்திப் போட்ட பூசணிக்கா ஒவ்வொண்ணும்?"

"ஒவ்வொண்ணும் பாதிச் சுவர்."

பொன்னுரங்கமும் சிரித்தார். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது துண்டுச் சுவரில், ஆற்று முகத்திலிருந்து குப்பத்தின் எல்லைவரை பதின்மூன்று துண்டுகள் நிஜமாகவே நின்றன. குப்பத்துக்கு நேர் எதிரே வரவேண்டிய கடைசி ஏழும் வெறும் மணல். தராசின் கணக்கிலோ சுவர் எண்பத்திரண்டு சதவீதம் முடிந்திருந்தது. போகவேண்டிய வேகம் நூறு என்றால் போகிற வேகம் தொண்ணூற்றேழு. அது தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் தராசு திட்டத்தையே மூடிவிடும். மலையில் குவாரி நின்று போய்க் கல் வராத அந்த மாதத்தில் திட்டத்தை உயிரோடு வைத்திருந்தது ஏழு கற்பூரக் கட்டிகள்தான். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கீழே தமயந்தி கையொப்பமிட்டிருந்தாள். கல் வந்துவிடும், வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று பொன்னுரங்கம் சொன்னார். அவளும் அதை நம்பினாள்.

கல்லுக்கு முன்னால் புயல் வந்தது.

வங்கக் கடலில் உருவான புயல் மறுநாள் மாலை அந்தக் கரையைத்தான் கடக்கும் என்று காலையில் அறிவித்தார்கள். புயல் நாளில் எந்த ஊருக்கு எத்தனை பஸ் போக வேண்டும் என்று பிரிப்பதும் தராசின் வேலைதான். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்ற செய்தி வந்துவிட்டது. பனையடிக்குப்பத்துக்கு வரவில்லை. குப்பத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக ஒரு தாழ்ந்த பாலம்தான் வழி. உப்பங்கழியில் தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது அதுதான். ஊரில் இருந்த இரண்டு மூன்று மீன் வண்டிகளை வைத்துக்கொண்டு நடக்க முடியாதவர்களையும் பிள்ளைகளையும் எத்தனை பேரை ஏற்றுவது?

தமயந்தி மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசினாள். எடுத்த அதிகாரியின் குரல் தூங்கிப் பல நாள் ஆனது போல் இருந்தது.

"பனையடிக்குப்பமா? எண்பத்திரண்டுன்னு காட்டுதேம்மா. சுவர் முக்கால் முடிஞ்சிருந்தாலே அது காப்புல இருக்கிற ஊரு. பஸ் கிடையாது."

"சார், அந்த எண்பத்திரண்டுல குப்பத்துக்கு முன்னாடி ஒரு கல்லு இல்லை. நான் அந்த சைட் எஞ்சினியர், நானே சொல்றேன்."

"எண்பத்திரண்டுன்னு வந்ததும் உங்க கையெழுத்துலதானேம்மா?"

தமயந்தி திரையில் இருந்த தன் கையொப்பத்தைப் பார்த்தாள்.

"நான் உங்களை நம்புறேன். நம்பி என்ன பிரயோஜனம், சொல்லுங்க. இருக்கிற பஸ்ஸையெல்லாம் பிரிச்சாச்சு. நானா ஒண்ணைத் திருப்பிவிட்டு, அங்க ஒரு உசுரு போச்சுன்னா யாரைக் கேட்டுத் திருப்பினேன்னு என்னைக் கேட்பாங்க. நீங்க எண்ணை மாத்துங்க. பஸ் தன்னால வரும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தயாராகத்தான் இருந்தார். சாமிதான் கையொப்பம் கேட்டது.

எண்ணை மாற்ற ஒரே ஒரு வழி உண்டு. கொடுத்த கையொப்பத்தைத் திரும்பப் பெற்று, அந்தத் தொடக்கம் நடக்கவே இல்லை என்று அறிவிக்க வேண்டும். யாரும் எளிதில் அதைச் செய்வதில்லை. அப்படி அறிவித்தவரின் கையொப்பத்தைத் தராசு அதற்குப் பிறகு எதிலும் ஏற்காது. அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று அது விசாரிப்பதில்லை. இரண்டில் ஒன்று பொய். அது போதும் அதற்கு.

பொன்னுரங்கம் அலுவலக ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். தமயந்தி விஷயத்தைச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஏழையுமா?"

"ஏழையும்தான் சார்."

"கொஞ்சம் மட்டும் எடுத்துப் பாரேன். பஸ்ஸும் வரணும், திட்டமும் நிக்கணும்."

"பார்த்துட்டேன். நாலை எடுத்தாத்தான் முக்காலுக்குக் கீழ வருது. நாலை எடுத்தா வேகம் தொண்ணூறுக்குக் கீழ போயிடுது. மூடுறதுக்கு நாலும் ஒண்ணுதான், ஏழும் ஒண்ணுதான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அந்தக் கரையில் நிஜமாக நிற்கும் பதின்மூன்று துண்டுகளும் அவர் வெயிலில் நின்று கட்டியவை. "தமயந்தி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. புயல் ஒரு நாள் சமாச்சாரம். திசை மாறினாலும் மாறும். கடல் அப்படியில்லை, தினமும் ஏறுது. திட்டத்தை மூடிட்டா இந்தக் கரைக்கு இனி ஜென்மத்துக்கும் சுவர் வராது. அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம் யாரு காப்பாத்துறது அவங்களை? கல்லு வர்றதாச் சொல்லிட்டாங்க. கொஞ்சம் பொறு."

"புயல் பொறுக்காது சார்."

"உன் வேலை போயிடும். கையெழுத்து செல்லாத எஞ்சினியரை யாரு வச்சுக்குவா?"

தமயந்திக்குப் பயமாகத்தான் இருந்தது. பத்து வருடமாக அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. ஆனால் அந்த ஏழு துண்டு மணலுக்குப் பின்னால் இருந்தவர்களை அவளுக்கு முகம் முகமாகத் தெரியும். "சார், இல்லாததை இருக்குன்னு எழுதிட்டோம். அதுதான் இப்ப கழுத்துக்கு வந்திருக்கு. நடந்ததை நடந்ததுன்னு எழுதணும், நடக்காததை நடக்கலைன்னு எழுதணும். அவ்வளவுதானே நம்ம வேலை?"

பொன்னுரங்கம் குனிந்து ஆணி பொறுக்கத் தொடங்கினார்.

ரத்து அறிவிப்புக்கு அவள் ஒவ்வொரு துண்டிலும் நின்று வெற்று மணலைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். கூடவே, பூஜையை நடத்தியவர் வேலை தொடங்கவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அங்கேதான் வைரக்கண்ணு முறுக்கிக்கொண்டார். காற்று வேட்டியைப் பிடுங்கியது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "பூசையப் பொய்யின்னு என் வாயால சொல்லச் சொல்றியா?" என்றார்.

"பூஜையை இல்லைங்க ஐயா. வேலையை."

"ரெண்டும் ஒண்ணுதானன்னு உன் மிஷினு சொல்லுது."

"மிஷினுக்கு வித்தியாசம் தெரியலை. அதனாலதான் பஸ் வரலை."

அவர் ஊரைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, வராத பஸ்ஸுக்காகப் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணு கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "பூசை நெசம். வேலைதான் பொய்," என்றார். ஏழு துண்டிலும் நடந்து நடந்து அதையே சொன்னார். கடைசித் துண்டில் அவர் குரல் கம்மிவிட்டது.

தமயந்தி விரலை வைத்து ஒப்புதல் கொடுத்தாள். எண்பத்திரண்டு அறுபத்தைந்தாக இறங்கியது. திரை சிவந்தது. அலுவலகத்தில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சுவர்த் திட்டம் மூடப்பட்டது என்று செய்தி வந்தது. அதற்கு அடுத்த செய்தி, குப்பத்துக்கு விடிந்ததும் பஸ் வரும் என்று.

மறுநாள் காலை பஸ்கள் வரிசையாகப் பாலத்தைத் தாண்டி வந்தன. கழியில் தண்ணீர் அதற்குள் பாலத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. முதல் பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்பப் போகும்போது என்னாகுமோ என்று கன்னத்தில் கை வைத்தார். வைரக்கண்ணு வீட்டுக்குள் போய் நான்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டு வந்தார். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்து, பஸ்ஸின் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஊரார் எல்லோரும் கும்பிட்டார்கள். காற்றில் சுடர் நிற்க மறுத்தது. பெண்கள் முந்தானையால் மறைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். கதவுக்கு மேலே இருந்த சிறிய கேமரா ஏறும் தலைகளை எண்ணிக்கொண்டது. தமயந்தியும் கும்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேறு எதிலும் நம்பிக்கை இல்லை.

கடைசி பஸ் பாலத்தைக் கடந்தபோது சக்கரங்கள் பாதி தண்ணீரில் ஓடின.

புயல் திசை மாறவில்லை. கடல், சுவர் இல்லாத அந்த ஏழு துண்டு இடைவெளி வழியாக ஊருக்குள் வந்து கீழத்தெருவையும் நடுத்தெருவையும் இன்னும் இரண்டு தெருக்களையும் வழித்துக்கொண்டு போனது. மூன்று தெரு தப்பியது. படகுகளில் பாதிக்கு மேல் தப்பின. ஆட்களில் ஒருவர் உயிர்கூடப் போகவில்லை. நிவாரண முகாமில் இருந்தவர்கள் அதை நம்பாமல் தெருத் தெருவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். தமயந்தி அந்த முகாமின் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பிறகு அவள் வேலையில்லாதவள் ஆனாள். தவறான கையொப்பம் கொடுத்தவர் என்று தராசில் அவள் பெயரோடு ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டது. எங்கே விண்ணப்பித்தாலும் அந்தக் குறிப்பு அவளுக்கு முன்னால் போய் நின்றது. டியூஷன் எடுத்தாள். மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வைரக்கண்ணு அவள் வீடு தேடி வந்தார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே போனை நீட்டினார்.

"இதப் படிச்சுச் சொல்லும்மா. முகாம்ல எல்லார் போனுக்கும் வந்துருக்கு. நாங்க ஊருக்குத் திரும்பிப் போவலாம்னு பாத்தா பாலத்துல சங்கிலி போட்டு மறிக்கிறானுவோ. வலையெல்லாம் அங்க கெடக்குது. ஆம்பளையோ எல்லாம் கடலு பாக்காம பைத்தியம் புடிச்சுக் கெடக்குறானுவோ."

தமயந்தி படித்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"ஐயா, சுவர்த் திட்டம் மூடினதும் அதுக்குப் பதிலா வேற ஒரு திட்டம் தன்னால திறந்திருக்கு. சுவர் கட்ட முடியாத ஊரை அங்கிருந்து எடுத்து உள்நாட்டுல குடிவைக்கிற திட்டம். பேரு மறுகுடியமர்வு."

"நாங்க யாரும் கேக்கலியே."

"கேட்க வேண்டியதில்லை. திறந்து வச்சுட்டுத் தொடக்கத்துக்குக் காத்துக்கிட்டிருந்திருக்கு." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தக் காலையில பஸ்ஸு முன்னாடி கற்பூரம் ஏத்தினோமே. எலுமிச்சம்பழம் வச்சோமே. அதுக்கப்புறம் எல்லாரும் ஏறினோம். வேலை தொடங்கியாச்சுன்னு எழுதிக்கிச்சு. இதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாமாம், கேமரா எண்ணின தலைக்கணக்கே போதுமாம்."

"அது வழித்துணைக்கு ஏத்துன கற்பூரம்மா."

"தெரியும் ஐயா."

"தொடங்கினால்?" என்றார் வைரக்கண்ணு மெதுவாக.

"பாதி. ஊர்ல பாதி ஏற்கெனவே போயாச்சுன்னு கணக்கு. மீதிப் பாதி, நிக்கிற மூணு தெருவையும் இடிச்சுக் கரையை மூடுறது. இந்த மாசக் கடைசிக்குள்ள முடிக்கலைன்னா பிந்துதுன்னு வரும். பிந்தக் கூடாதுன்னு வேகமா முடிப்பாங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "சுவத்துக்கு ரத்து பண்ணுனியே. அது மாதிரி இதையும் பண்ணு. நான் வந்து சொல்றேன். எத்தினி வாட்டி வேணும்னாலும் சொல்றேன்."

"என் கையெழுத்து செல்லாதுங்க ஐயா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

"வேற யாரு பண்ணலாம்?"

கரைக்குப் பொறுப்பில் இருந்தவர்தான் அதை அறிவிக்கலாம்; பஸ் வந்த அந்தக் காலையில் அப்படி இருந்தவர்கள் இரண்டே பேர். தமயந்தி ஒருத்தி. இன்னொருவர் பொன்னுரங்கம். அவருடைய கையொப்பத்தில் ஒரு கீறல் கிடையாது. வாழ்நாளில் எதையும் அவர் திரும்பப் பெற்றதில்லை.

இருவரும் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனார்கள். வைரக்கண்ணு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நானும் வந்தால் அந்த ஆளை அடித்தாலும் அடித்துவிடுவேன், நீ பேசிவிட்டு வா என்றார்.

பொன்னுரங்கம் இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து உட்காரச் சொன்னார். காபி வந்தது. அவள் சொல்லச் சொல்ல முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை.

"ரத்து அறிவிப்புல என்ன சொல்லணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"தொடக்கம் நடக்கலைன்னு."

"கற்பூரம் ஏத்தலையா?"

"ஏத்தினோம் சார். ஆனா அது வேற எதுக்கோ."

"எதுக்குன்னு அது கேட்காது. நடந்ததா இல்லையான்னுதான் கேட்கும். கற்பூரம் ஏத்தினது நிஜம். பஸ்ஸுல ஏறினது நிஜம். அவ்வளவு பேர் தலையும் எண்ணியிருக்கு. அன்னைக்கு மணல்ல ஒண்ணுமே இல்லை, நீ இல்லைன்னே. சரி. இன்னைக்கு இருக்கே, தமயந்தி."

"அவங்க திரும்பி வரத்தான் போனாங்க."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஆனா அறிவிப்புல பஸ்ஸுல யாரும் ஏறலைன்னுதானே சொல்லணும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. காபியைத் தள்ளி வைத்தாள். "சார், ஏழு தடவை இல்லாததை இருக்குன்னு சொல்ல வச்சீங்க. ஒரே ஒரு தடவை இருக்கிறதை இல்லைன்னு சொல்லக் கூடாதா? மூணு தெரு நிக்குது. படகெல்லாம் கிடக்கு. அவங்களைக் கடலைவிட்டுப் பிரிச்சா என்ன ஆவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பொன்னுரங்கம் காபி டம்ளரின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைத் தமயந்தி பார்த்தாள். பயமா, வருத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"நீதானேம்மா அன்னைக்குச் சொன்னே," என்றார். "நடந்ததை நடந்ததுன்னு எழுதணும், நடக்காததை நடக்கலைன்னு எழுதணும், அதுதான் நம்ம வேலைன்னு. அதுக்கப்புறம் நான் நிறைய யோசிச்சேன். நீ சொன்னது சரி. நான் இனிமே பொய் சொல்றதில்லைன்னு வச்சிருக்கேன்."

தமயந்தி எழுந்தாள். என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

வெளியே வைரக்கண்ணு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாரு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வார் சரியாக நுழைய மறுத்தது. குனிந்து அதைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உண்மையைச் சொன்னார் ஐயா."